லண்டன் குதிரை வண்டிக்காரர் அடாவடிக்காரரா? நாள் வாடகைக் கணக்கையும் பார்க்கலாம்

தேம்ஸ்கரையான் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனைப் பற்றி எதைப் படித்தாலும் வாடகைக் குதிரை வண்டிக்காரர் ஒரே மாதிரிதான் வருகிறார். குடித்துச் சிவந்த முகம், கரகரத்த குரல், கையில் வைத்த காசைப் பார்த்து ஒரு முறைப்பு, பிறகு கூடுதல் கேட்டுத் தெருவிலேயே தகராறு. பஞ்ச் பத்திரிகையின் கேலிச்சித்திரங்களில் பல பத்தாண்டுகள் இந்த முகம்தான். அந்த மனிதர் மேல் சுமத்திய குற்றங்களில் பாதிக்கு மேல் அவர் வண்டி முதலாளிக்குக் கட்டிய நாள் வாடகையிலிருந்து வந்தவை என்பது என் கருத்து. அதை விவாதிக்கத்தான் இந்த இழை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1634இல் கேப்டன் பெய்லி என்ற கப்பல்காரர் ஸ்ட்ராண்ட் தெருவில் மேபோல் என்ற விழாக் கம்பத்தருகே நான்கு வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநர்களுக்குச் சீருடை கொடுத்து, எந்த இடத்துக்கு எவ்வளவு கூலி என்றும் சொல்லி வைத்தார். லண்டனின் முதல் வண்டி ஸ்டாண்டு அது. 1654இல் கிராம்வெல் ஆட்சியில் 300 வண்டிகள் என்று வரம்பு கட்டினார்கள். அந்த வரம்பு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 1831 சட்டத்துக்குப் பிறகு எண்ணிக்கைக் கட்டுப்பாடே போய்விட்டது, தொழில் பெருகியது.

1834இல் ஜோசப் ஹான்சம் தன் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பர்மிங்ஹாம் நகர மண்டபத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் அவர், அந்த வேலையிலேயே திவாலானவர். இரண்டே ஆண்டில் ஜான் சாப்மன் அந்த வண்டியை நிறையத் திருத்தினார். நாம் படங்களில் பார்க்கும் இரண்டு சக்கர ஹான்சம் பெரும்பாலும் சாப்மன் கைவண்ணம்தான். இரண்டு பேர் முன்னால் உட்காரலாம். ஓட்டுநர் பின்னால் உயரத்தில் வெட்டவெளியில் இருப்பார். கடிவாள வார் கூரைக்கு மேலே போகும். கூரையில் ஒரு சின்னத் திறப்பு, பேச்சும் காசும் அதன் வழியாக. மூட்டை முடிச்சோடு ரயிலுக்குப் போகிறவர்கள் நாலு சக்கர வண்டியைப் பிடிப்பார்கள்.

இனி வாடகைக்கு வருகிறேன். 1850 வாக்கில் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் வண்டிக்காரர்களிடமே உட்கார்ந்து பேசி எழுதினார். "நீள்பகல்" ஆட்கள் என்று ஒரு பிரிவு. காலை ஒன்பது பத்து மணிக்குக் கிளம்பி நள்ளிரவு வரை ஓட்டுவார்கள். நல்ல சீசனில் முதலாளிக்கு நாளொன்றுக்கு 16 ஷில்லிங் கட்ட வேண்டும். அதற்குமேல் கிடைப்பதுதான் ஓட்டுநர் வீட்டுக்கு.

ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 16 ஷில்லிங் 192 பென்ஸ். அப்போது மைலுக்கு 8 பென்ஸ் கூலி. 24 மைல் சவாரி ஓட்டினால்தான் வாடகை தேறும். 1853இல் நாடாளுமன்றம் கூலியை மைலுக்கு 6 பென்ஸாகக் குறைத்தது. வாடகை அப்படியே இருந்தால் அதே தொகைக்கு 32 மைல் ஓட்ட வேண்டும். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரம் இதில் சேராது. குதிரை வண்டியில் 32 மைல்! குதிரைக்கும் முடியாது, மனுஷனுக்கும் முடியாது. பாக்கியை எங்கே எடுப்பார்? சவாரியிடம்தான்.

வடபழனி_ஆட்டோ எழுதியது:

அண்ணே, இந்தக் கணக்கு எனக்குப் பாடம் மாதிரி தெரியும். எங்கப்பா சொந்த ஆட்டோ வாங்குறதுக்கு முன்னாடி பல வருஷம் வாடகை வண்டிதான் ஓட்டினாரு. ராத்திரி வண்டியைக் கொண்டு விடும்போது வாடகைப் பணம் எண்ணி வைக்கணும். மழை பேஞ்சு சவாரி இல்லைன்னாலும் வைக்கணும். பந்த் நாள்ல பாதி வாங்கிக்கிறேன்னு சொல்ற ஓனர் இருந்தா அவரை நல்லவர்னு சொல்லுவோம். மத்தியானம் வரைக்கும் ஓடுறது ஓனருக்கும் வண்டிக்குப் போடுற கேஸுக்கும், அதுக்கப்புறம்தான் நமக்குன்னு அப்பா சொல்லுவாரு.

மீட்டர் போட்டு ஓட்டுன்னு ஊரே சொல்லும். வாடகையை ஏத்தாதேன்னு ஓனர் கிட்ட யார் சொன்னாங்க? லண்டன்லயும் இதே கதைதான்னு இன்னிக்குத்தான் தெரியுது. ஒரு சந்தேகம் அண்ணே: அந்தச் சட்டம் ஓட்டுற ஆளைக் கட்டுப்படுத்துச்சா, ஓனரைக் கட்டுப்படுத்துச்சா?

தேம்ஸ்கரையான் எழுதியது:

தம்பி, நான் வர நினைத்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டீர்கள். சட்டம் விழுந்ததெல்லாம் ஓட்டுநர் மேல்தான். 1843 சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டும், எண் பொறித்த வில்லையை அணிய வேண்டும். வேகமாக ஓட்டினால், குடித்திருந்தால், சவாரியிடம் மரியாதையில்லாமல் பேசினால் அபராதம் அல்லது சிறை. 1850இல் இந்த மேற்பார்வை முழுக்க மாநகரப் போலீஸ் கமிஷனர் கைக்குப் போனது. மைல் கூலியையும் சட்டமே நிர்ணயித்தது. முதலாளிக்கும் வண்டி உரிமம், வரி எல்லாம் உண்டு. ஓட்டுநரிடம் அவர் எவ்வளவு நாள் வாடகை வாங்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பு கிடையாது. வரவுக்கு உச்சவரம்பு, செலவுக்கு வரம்பே இல்லை. இப்படி ஒரு தொழிலில் எவர் நேர்மையாக இருந்துவிட முடியும்?

நிலாமதி எழுதியது:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வண்டியில் ஏறியவரின் பக்கத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது.

இரவு நேரத்தில் ரயிலிலிருந்து இறங்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஊர் புதிது, தூரம் தெரியாது. மீட்டரும் கிடையாது, 1907இல்தான் அதுவும் மோட்டார் வண்டிகளுக்குக் கட்டாயமானது. ஓட்டுநர் மூன்று மைல் என்றால் மூன்று மைல்தான். வாசலில் கத்தினால், அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்று கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சங்கடத்தைத் தொழில் உத்தியாகவே சிலர் வைத்திருந்தார்கள். அவருக்கும் முதலாளி தொல்லை இருந்தது என்பது அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் தராது. கூலியைச் சட்டத்தில் எழுதியது அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

இன்னொன்று. 1853 ஜூலை கடைசியில் கூலிக் குறைப்பை எதிர்த்து மூன்று நாள் லண்டனில் வண்டியே ஓடவில்லை. அதை ஓட்டுநர் போராட்டம் என்று எழுதுகிறார்கள். அதில் முன்னால் நின்றவர்கள் வண்டி முதலாளிகள். வண்டிகளைத் தெருவுக்கு விடாமல் நிறுத்தியது அவர்கள்தான். சீக்கிரமே சில சலுகைகளோடு சட்டமும் திருத்தப்பட்டது. ஓட்டுநரின் பெயரைச் சொல்லி முதலாளி பேரம் பேசிய சம்பவமாகவே அதை நான் பார்க்கிறேன். உங்கள் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறதா குறைக்கிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

தேம்ஸ்கரையான் எழுதியது:

வலு சேர்க்கிறது என்றே நினைக்கிறேன், அம்மா. முதலாளிகளின் வருமானத்தைத் தொட்டவுடன் மூன்று நாள் ஊர் நின்றது. ஓட்டுநர்கள் முதலாளிகளை எதிர்த்துப் பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தது 1894இல். அது மே, ஜூன் மாதங்களில் கிட்டத்தட்ட நான்கு வாரம் இழுத்தது. கேட்டது ஒன்றுதான்: நாள் வாடகையைக் குறை. கடைசியில் உள்துறை அமைச்சர் ஆஸ்குவித் நடுவராக உட்கார்ந்து, வருஷத்தில் எந்தப் பருவத்துக்கு எவ்வளவு வாடகை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். பின்னாளில் பிரதமரானாரே, அவர்தான். சவாரி கொடுக்க வேண்டிய கூலி பதினேழாம் நூற்றாண்டிலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. ஓட்டுநர் கொடுக்க வேண்டிய வாடகையை அரசு தொட்டுப் பார்க்க 1894 ஆனது.

இரவு ரயிலில் இறங்கும் பெண் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. அவர் ஏமாந்தது நிஜம். அந்தக் காசு கடைசியில் யார் பெட்டிக்குப் போனது என்பதுதான் என் கேள்வி.

லாயம் எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் இருக்கிறேன், அதனால் குதிரையிலிருந்து பேசுகிறேன்.

தேம்ஸ்கரையான் 32 மைல் என்று கணக்குப் போட்டார். அதில் ஒரு விவரம் சேர்க்க வேண்டும். பகல் வண்டிக்கு முதலாளி பெரும்பாலும் இரண்டு குதிரைகள் கொடுப்பார். பாதி நாளில் லாயத்துக்குப் போய்க் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டு அடுத்ததைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். குதிரை மாறும், ஓட்டுநர் மாற மாட்டார். காரணம் எளிது. 1890களில் ஒரு வண்டிக் குதிரையின் விலை சுமார் 30 பவுண்டு. நிறைய குதிரைகள் அயர்லாந்திலிருந்து வந்தவை. லண்டன் தெருவில் வண்டி இழுத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கால் போய்விடும். அது முதலாளியின் முதலீடு, அதற்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். ஓட்டுநர் படுத்துவிட்டால் வாசலில் வேறு ஆள் நிற்பார். ஓட்டுநரும் பதினைந்து மணி நேரத்தை முழுக்கத் தனியாகத் தாங்க முடியாமல், சாப்பிடவும் கண்ணயரவும் உரிமம் இல்லாத யாரையாவது சிறிது நேரம் உட்கார வைப்பார். மேஹ்யூ அவர்களையும் பார்த்து எழுதியிருக்கிறார். உரிமம் பறிபோனவர்கள் பலர். பிடிபட்டால் தண்டனை வேறு.

பகல் குதிரைகளுக்காவது இந்த ஓய்வு கிடைத்தது. இரவு வண்டிகளில் பூட்டியவை பகலில் வெளியே காட்ட முடியாத குதிரைகள். முழங்கால் தழும்பு, நொண்டல், இளைப்பு. இருட்டில் யாருக்குத் தெரியும்? மரக்கட்டை பதித்த சாலைகளும் தார்ச்சாலைகளும் சத்தம் குறைவு என்று வீட்டுக்காரர்களுக்குப் பிடித்தன. மழை ஈரத்தில் குதிரை வழுக்கி விழுவதும் அந்தச் சாலைகளில்தான். உறைபனி நாளில் லாடத்தில் முள் ஆணி அடிக்காமல் வண்டியை வெளியே எடுக்கவே முடியாது.

இந்தக் குதிரைகள் பட்ட பாட்டைப் படிக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. சவுக்கைப் பிடித்த கைக்கும் இரக்கம் காட்டச் சொல்கிறீர்கள். காட்டலாம். குதிரைக்குக் காட்டிய பிறகு.

வடபழனி_ஆட்டோ எழுதியது:

லாயம் சார், குதிரைக்கு விலை இருந்துச்சு, ஓட்டுறவனுக்கு இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரெண்டு பேருமே ஒரே ஓனர் கிட்ட மாட்டினவங்கதானே.

கும்பகோணத்தான் எழுதியது:

எனக்கு லண்டன் தெரியாது. ஜட்கா தெரியும். சின்ன வயசில் ரயிலடியிலிருந்து வீட்டுக்கு ஜட்காவில் வந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஹான்சமில் ஓட்டுநர் பின்னால் உயரத்தில் உட்கார்ந்தார் என்று எழுதியிருந்தீர்கள். முன்னால் உட்காரும் இருவரின் கனத்துக்கு அவர் கனம் ஈடு. இரண்டு சக்கர வண்டி எதுவானாலும் இந்தப் பாரக் கணக்குதான் உயிர். எங்கள் ஜட்காவில் ஆசனமெல்லாம் கிடையாது. பலகைமேல் வைக்கோலோ புல்லோ பரப்பி, மேலே ஜமுக்காளம் அல்லது சாக்கு. பின்பக்கமாக ஏறிக் காலை மடக்கி உட்கார வேண்டும். ஏறினவுடன் வண்டிக்கார சாயபு திரும்பிப் பார்ப்பார். "அம்மா, இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளி வாங்க, பின்பாரமா இருக்கு." பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கி, குதிரையின் வயிற்றுப் பட்டை இறுகும். முன்பாரமானால் கனம் முழுக்க அதன் முதுகில் இறங்கும். பருமனான ஆளை எங்கே, பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று அவர் ஒரு பார்வையிலேயே முடிவு செய்துவிடுவார். குதிரையைப் பற்றி லாயம் ஐயா கவலைப்பட்டார். எனக்குத் தெரிந்த ஜட்காக்காரர் தன் சோற்றுக்கு முன்னால் குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்தவர். அடித்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

கூட்டத்தில் வழி வேண்டுமென்றால் சவுக்குக் கம்பைச் சக்கரத்து ஆரத்தில் கொடுப்பார். தடதடவென்று சத்தம் கேட்டு ஜனம் விலகும். பிள்ளைகளான எங்களுக்கு அந்தச் சத்தத்துக்காகவே ஜட்காவில் போக வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு தகவல். 1911இல் மெட்ராஸ் மாகாணத்துக்கு ஹாக்னி வண்டிச் சட்டம் வந்தது. வாடகை வண்டிக்கு ஹாக்னி என்ற பெயரே லண்டனிலிருந்து வந்ததுதான். வாடகை வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் உரிமம் என்ற ஏற்பாடும் அங்கே பழகினதுதான். மெட்ராஸில் 1895இல் டிராம் ஓட ஆரம்பித்தும் ஜட்கா போகவில்லை. தண்டவாளம் இல்லாத சந்துக்குள் டிராம் வராது, சாயபு வருவார். 1953இல் டிராம் நின்றபோதும் ஜட்கா ஓடிக்கொண்டிருந்தது. பழனியில் அடிவாரத்துக்குப் பக்தர்களை ஏற்றிப் போகும் குதிரை வண்டிகளை வெகுகாலம் பார்த்திருக்கிறேன்.

பனங்காட்டான் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச லண்டனில கறுப்பு டாக்ஸி ஓட்டுறதுக்கு நொலெட்ஜ் எண்ட தெருவழிச் சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருக்கிறன். சேரிங் குறோஸில இருந்து ஆறு மைல் தூரத்துக்குள்ள இருக்கிற ஏறத்தாழ 25,000 தெருவும் மனதில நிக்கவேணும். 320 பாதை பாடமாக்கவேணும். முதலாவது பாதை மேனர் ஹவுஸில இருந்து கிப்சன் சதுக்கம். ஸ்கூட்டரில மழைக்குள்ள திரிஞ்சு படிக்கிறம். இந்தச் சோதனை குதிரை வண்டிக் காலத்தில தொடங்கினது எண்டு கனபேருக்குத் தெரியாது. 1851இல லண்டனில நடந்த பெரிய பொருட்காட்சிக்கு வந்த சனம் வண்டிக்காரருக்கு வழி தெரியேல்லை எண்டு முறைப்பட்டதுதான் காரணம் எண்டு வழக்கமாச் சொல்லுவினம்.

ஒரு கட்டுக்கதையையும் இதில தீர்த்துவிடலாம். லண்டன் டாக்ஸிக்காரர் சட்டப்படி இண்டைக்கும் வைக்கோல் கட்டு ஒண்டு கொண்டு திரியவேணும் எண்டு இணையமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கினம். அப்பிடிச் சட்டமே இல்லை. 1831 சட்டத்தில இருந்தது வேற: தெருவில வைச்சுக் குதிரைக்குத் தீனி குடுத்தால் தானியத்தைப் பையில போட்டுக் குடுக்கவேணும், வைக்கோல் எண்டால் கையில பிடிச்சுக் குடுக்கவேணும். தெரு அசிங்கமாகக்கூடாது எண்டதுதான் நோக்கம். அதையும் 1976இல நீக்கிப்போட்டினம்.

நிலாமதி அக்கா கேட்டதுக்கும் என்ர பக்கத்தில இருந்து ஒண்டு. வண்டியில சனம் விட்டுட்டுப் போன சாமான்களை 24 மணித்தியாலத்துக்குள்ள பொலிஸில ஒப்படைக்கவேணும் எண்டு 1853 சட்டத்தில இருந்தது. குடை, பை, நகை எண்டு வருஷம் வருஷம் குவிஞ்சது. ஒப்படைச்சவருக்குச் சன்மானமும் உண்டு. ஏமாத்திறதுதான் அவையின்ர குணம் எண்டால் அவ்வளவு சாமான் எப்பிடித் திரும்பி வந்தது?

நிலாமதி எழுதியது:

பனங்காட்டான், நல்ல கேள்வி. சன்மானமும் தண்டனையும் இருந்ததால் கொடுத்தார்கள் என்று வாதாடலாம். ஆனாலும் குதிரை வண்டிக்காரர் பற்றிய பொதுப் பேச்சில் இந்த விவரம் வருவதே இல்லை, அது நியாயமில்லை.

குடியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அவர்கள் குடித்தார்கள் என்பதும் கேலிச்சித்திரக்காரர்களின் கற்பனையா?

தேம்ஸ்கரையான் எழுதியது:

இல்லை, குடித்தார்கள். அதற்கு அவர்கள் நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது, சட்டம். ஜனவரி மழையில், மேலே மறைப்பு இல்லாத ஆசனத்தில், சவாரி வரும்வரை உட்கார வேண்டும். உள்ளே ஏறி உட்கார்ந்தால் சவாரி முகம் சுளிக்கும். ஸ்டாண்டில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஓர் ஆள் இருப்பார், அவருக்கும் காசு. சூடாக எதாவது வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது மதுக்கடை ஒன்றுதான். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனுக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். அங்கே சும்மா கணப்பருகே உட்கார விட மாட்டார்கள், எதாவது வாங்க வேண்டும்.

1875 ஜனவரியில் குளோப் பத்திரிகையின் ஆசிரியர் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் பனிப்புயலில் வண்டி பிடித்துவர ஆள் அனுப்பினார். ஸ்டாண்டில் வண்டி இருந்தது, ஓட்டுநர்கள் மதுக்கடையில் இருந்தார்கள். அவர் இவர்களைத் திட்டி ஒரு தலையங்கம் எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதைச் செய்யவில்லை. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டாண்டிலேயே ஓட்டுநர்களுக்கு மரக்குடில் கட்ட நிதி திரட்டினார். முதல் குடில் அதே வருஷம் அக்கேஷியா சாலையில். 1914க்குள் 61 குடில்கள். பொதுச் சாலையில் நிற்பதால் ஒரு குதிரை வண்டியின் அளவைத் தாண்டக் கூடாது என்று விதி. அதற்குள் சமையல், பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார பெஞ்சு. குடி, சூது, கெட்ட வார்த்தை, அரசியல் பேச்சு எதுவும் கூடாது. சூடான சாப்பாடு மலிவாகக் கிடைத்தது. மதுக்கடைக்குப் போகாமல் இருக்க ஒரு வழியை முதன்முதலாக ஒருவர் செய்து கொடுத்தார். அறிவுரை அவர்களுக்கு அதற்கு முன்னால் ஏராளமாகக் கிடைத்திருந்தது.

லாயம் எழுதியது:

இது நல்ல தகவல். மோட்டார் வந்த பிறகு என்ன ஆனது? குதிரைகளின் கதை எனக்குத் தெரியும், பெரும்பாலும் கசாப்புக்குத்தான். மனிதர்கள்?

தேம்ஸ்கரையான் எழுதியது:

1903 வாக்கில் லண்டனில் சுமார் 11,000 குதிரை வண்டிகள். பாதிக்கு மேல் ஹான்சம். மோட்டார் டாக்ஸி அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. 1910இல் மோட்டார் எண்ணிக்கை குதிரை வண்டியைத் தாண்டிவிட்டது. ஏழே வருஷம். இளைஞர்கள் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நாற்பது ஐம்பது வயதுக்காரர்களில் பலர் தெரிந்த தொழிலையே பிடித்துக்கொண்டு, குறைந்துகொண்டே போன சவாரிக்காகக் காத்திருந்தார்கள். 1914இல் மிஞ்சியது சுமார் 1,400 வண்டிகள். கடைசிக் குதிரை வண்டி உரிமம் 1947இல் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. மோட்டார் வந்தும் பலருக்கு முதலாளி போகவில்லை. மோட்டார் வண்டியின் விலை ஓட்டுநரால் எட்ட முடியாத விலை. கம்பெனிகள் வாங்கி, மீட்டர் வசூலில் பங்கு என்ற கணக்கில் ஓட்டக் கொடுத்தன.

வடபழனி_ஆட்டோ எழுதியது:

எங்கப்பா கிட்ட இந்த இழையை முழுசா படிச்சுக் காட்டினேன் அண்ணே. ஆஸ்குவித் வாடகைப் பட்டியல் போட்ட இடத்தை ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாரு. நம்ம ஊர்ல ஆட்டோவுக்கு மீட்டர் ரேட்டை அரசு போடுது. ஓனர் வாங்குற வாடகைக்கும் ஒரு ரேட்டு போட்டா என்னன்னு கேக்குறாரு. சங்கத்துல இதைப் பேசச் சொல்லி நானும் எழுதப் போறேன்.

கும்பகோணத்தான் ஐயா, ஜட்காவுக்கும் ஓனர் தனி, ஓட்டுற ஆள் தனின்னு இருந்துச்சா?

கும்பகோணத்தான் எழுதியது:

இரண்டும் இருந்தது, தம்பி. எங்கள் தெருவுக்கு வந்த சாயபு சொந்த வண்டிக்காரர். குதிரை அவர் வீட்டுத் திண்ணையை ஒட்டியே கட்டியிருக்கும். ரயிலடியில் நின்றவர்களில் சிலர் ஒரே முதலாளியின் வண்டிகளை ஓட்டியவர்கள், சாயங்காலம் கணக்கு ஒப்படைப்பார்கள். சொந்த வண்டிக்காரர் அரையணா குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, "நாளைக்குச் சேர்த்துக் கொடுங்க" என்பார். முதலாளி வண்டிக்காரர் அதே அரையணாவுக்கு வாசலில் நின்று சண்டை பிடிப்பார். ஒருவர் நல்லவர், மற்றவர் முரடர் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். உங்கள் கணக்கைப் படித்த பிறகு இரண்டாமவரை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

பனங்காட்டான் எழுதியது:

லண்டனில இருக்கிற ஆக்களுக்கு ஒரு தகவல். அந்தப் பச்சைக் குடில்களில 13 இப்பவும் நிக்குது, பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ரசல் சதுக்கம், டெம்பிள் பிளேஸ், வோரிக் அவென்யூ, ஹனோவர் சதுக்கம், குறோஸ்வெனர் கார்டன்ஸ் எண்டு தேடிப் போகலாம். உள்ளுக்குப் போயிருந்து சாப்பிட டாக்ஸி ஓட்டுநர் வில்லை உள்ளவைக்குத்தான் உரிமை. திறந்திருக்கிற குடில்களில வெளி ஜன்னலில ஆரும் தேத்தண்ணி வாங்கலாம்.